சர்வர் தூங்கலாமா?

சர்வர் என்ற சொல்லைக் கேட்டதும் கணினி நினைவுக்கு வருவது அண்மைக் காலத்துப் பழக்கம். என் அப்பாவின் தலைமுறைக்கு சர்வர் என்றால் ஓட்டலில் தோளில் துண்டோடு நிற்பவர். மதியம் மூன்று மணிக்கு ஒரு மேசையிலும் ஆள் இல்லாவிட்டாலும் அவர் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். யாராவது வந்து உட்கார்ந்த மறுநொடி தண்ணீர் டம்ளரோடு போய் நிற்க வேண்டும். பரிமாறும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அவருக்கு அதிகம். எங்கள் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் தீப்பெட்டி அளவுள்ள ஒரு மின்னணுப் பலகையில், கேட்பவருக்குப் பக்கத்தை அனுப்பும் வெப் சர்வர் ஒன்றை ஓட்டுவதற்கு நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி இந்த நிற்கும் வேலையைப் பற்றியதுதான். ஒரு பக்கத்தை அனுப்புவதற்குப் பெரிதாக எதுவும் செலவாவதில்லை. யாராவது கேட்பார்களா என்று காத்திருப்பதில்தான் மின்சாரமும் நினைவகமும் கரைகின்றன.

தோட்டம் சேலம் மாவட்டத்தில் ஆத்தூர்ப் பக்கம், கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. மரவள்ளியும் கொஞ்சம் பாக்கும் உண்டு. இரவில் கிணறு எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் காலையில் மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எந்தப் பக்கம் தண்ணீர் கட்டலாம் என்பதை அப்பா முடிவு செய்வார். அதற்காக விடிவதற்கு முன்பே டார்ச்சோடு போய், முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு மழைநாளில் கிணற்றுப் படியில் கால் வழுக்கி, முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். அந்த வாரமே கிணற்றுக்குள் ஓர் அழுத்த உணரியைத் தொங்கவிட்டேன். மேலே நிற்கும் தண்ணீர் ஒரு மீட்டர் கூடினால் உணரியின் மீதான அழுத்தம் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் கூடும் என்பதால் ஆழத்தைக் கணக்கிடுவதில் சிரமம் எதுவும் இல்லை. அந்த எண்ணை அப்பாவிடம் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

கொட்டகைப் பக்கம் கைபேசிக்கு சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஆகவே இணையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து செயலி வழியாகப் பார்ப்பது என்ற வழக்கமான வழி அடைபட்டுப்போனது. ஆனால் எல்லாக் கைபேசியிலும் உலாவி இருக்கிறது, வைஃபை இருக்கிறது. கருவியே ஒரு வைஃபை வலையமைப்பை உருவாக்கி, அதில் இணைபவருக்கு ஒரு பக்கத்தைத் தந்துவிட்டால் செயலியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். இதற்கு நான் எடுத்துக்கொண்டது இஎஸ்பி 8266 என்ற சிப். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெஸிஃப் நிறுவனம் 2014-ல் கொண்டுவந்தது. 80 மெகாஹெர்ட்ஸ் வேகம், தரவுக்கு 80 கிலோபைட் நினைவகம், என் பலகையில் மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம் 4 மெகாபைட். வைஃபைக்கான மென்பொருள் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு நம் நிரலுக்கு மிஞ்சுவது 40 கிலோபைட் சுற்றி இருக்கும். இன்றைய செய்தித்தளம் ஒன்றின் முகப்புப் படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது.

பத்து வரி நிரலில் முதல் பக்கம் வந்துவிட்டது, என் மேசையில். தோட்டத்தில் வரவில்லை. ஆண்ட்ராய்டு கைபேசி ஒரு வைஃபையில் இணைந்ததும் கூகுளின் ஒரு முகவரியை அழைத்துப் பார்க்கும். 204 என்ற வெற்று விடை திரும்பி வந்தால்தான் அங்கே இணையம் இருப்பதாக நம்பும். வராவிட்டால், இது உதவாத வலை என்று தீர்மானித்து, அரைகுறை சிக்னலாக இருந்தாலும் மொபைல் டேட்டா பக்கமே எல்லாவற்றையும் அனுப்பும். என் கருவியின் 192.168.4.1 என்ற முகவரிக்கான கோரிக்கையும் அந்தப் பக்கமே போய்த் தொலையும். ரயில் நிலைய வைஃபைகள் செய்கிற வேலையை நானும் செய்ய வேண்டியிருந்தது. எந்தப் பெயரைக் கேட்டாலும் ‘அது நான்தான்’ என்று சொல்லும் ஒரு சிறு டிஎன்எஸ் சர்வரையும் (தளப் பெயருக்கு முகவரி சொல்வது அதன் வேலை) அதே சிப்பில் ஓட்டினேன். கைபேசி கூகுளைத் தேடி என்னிடம் வந்து, ‘இந்த வலையில் உள்நுழைய வேண்டும்’ என்று அறிவிப்புக் காட்டியது; அதைத் தொட்டால் நீர்மட்டப் பக்கம் தானாகவே திறந்தது. முகவரி எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை என்பதில் அப்பாவுக்கு மகிழ்ச்சி. கூகுளாக வேடம் போட்டதில் எனக்குச் சிறு உறுத்தல்.

பேட்டரிக்கு வருவோம். கொட்டகையில் மின்சாரம் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே மின்னழுத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். இரண்டு சார்ஜர்கள் கருகிய பிறகு, கூரைமேல் உள்ளங்கை அளவு சோலார் பேனல், 2600 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு லித்தியம் செல் என்று மாறினேன். சர்வர் ஓடும்போது சிப் சராசரியாக 80 மில்லியாம்பியர் எடுக்கிறது. ஒரு நாளைக்கு 1920 மில்லியாம்பியர்-மணி. முழுதாக நிரம்பிய செல் காகிதக் கணக்கில் 32 மணி நேரம் தாங்கும். நடைமுறையில் அதுவும் இல்லை. ஐப்பசி மூடாப்பில் மூன்று நாள் வெயில் இல்லையென்றால் இரண்டாம் நாளே சர்வர் படுத்துவிடும், படுத்தது.

அந்த 80 மில்லியாம்பியர் எங்கே போகிறது என்பதைப் பார்த்தபோதுதான் ஓட்டல் சர்வர் நினைவுக்கு வந்தார். அப்பா ஒரு நாளைக்கு இரண்டு முறை பக்கத்தைப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் பக்கம் போய்ச் சேர ஒரு நொடிகூட ஆகாது. அந்த இரண்டு நொடிகளைத் தவிர மற்ற 86,398 நொடிகளும் ரேடியோ வெறுமனே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அனுப்பும்போது 170 மில்லியாம்பியர் வரை ஏறினாலும் அது கண்ணிமைக்கும் நேரம்தான். கேட்பதற்கு ஆகும் 50 சொச்சம் மில்லியாம்பியர்தான் நாள் முழுவதும் ஓடுகிறது. இதில் வைஃபையின் ஒரு பாரபட்சமும் உண்டு. வலையில் இணைகிற கைபேசிக்கு இடையிடையே கண்ணயர உரிமை இருக்கிறது. அது தூங்கும்போது வருகிற பேக்கட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, வலையை நடத்தும் அணுகுமுனை பிடித்து வைத்திருந்து, விழித்ததும் கொடுக்கும். அணுகுமுனைக்கு அந்த உரிமை இல்லை. 102.4 மில்லிநொடிக்கு ஒரு முறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும், யார் எப்போது பேசினாலும் கேட்க வேண்டும். என் கருவியே அணுகுமுனை, அதுவே சர்வர். இரட்டைக் காவல்.

அதே சிப்பை ஆழ்ந்த உறக்கத்தில் போட்டால் 20 மைக்ரோஆம்பியர் போதும். நான்காயிரம் மடங்கு குறைவு. அந்தக் கணக்கில் செல் பதினான்கு ஆண்டுக்கு மேல் வர வேண்டும். அதற்குள் செல்லே முதுமையடைந்து செத்துவிடும் என்பது வேறு விஷயம். நான் ஆவலோடு உறக்கத்தில் போட்டு அளந்தபோது மீட்டர் மில்லியாம்பியர்களையே காட்டியது. குற்றவாளி சிப் இல்லை. பலகையில் 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக இறக்கும் ஏஎம்எஸ் 1117 என்ற மலிவான ரெகுலேட்டர், ஒன்றுமே செய்யாமல் 5 மில்லியாம்பியர் அளவுக்குத் தானே தின்னும் வகை. பக்கத்தில் யூஎஸ்பி சிப் வேறு. இரண்டையும் தவிர்த்து, வெறும் சிப் மாட்யூலை எடுத்து, சில மைக்ரோஆம்பியரில் அடங்கும் ரெகுலேட்டரையும், வைஃபை கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரியாமல் தாங்க ஒரு கொழுத்த கெப்பாசிட்டரையும் வைத்துப் பற்றவைத்தேன். ‘குறைந்த மின்சாரம்’ என்று விளம்பரப்படுத்தப்படும் பலகைகளை வாங்குபவர்கள் சிப்பின் தரவுத்தாளைப் படிக்கும் முன் ரெகுலேட்டரின் தரவுத்தாளைப் படிப்பது நல்லது.

காத்திருப்பு மின்சாரத்தோடு நிற்பதில்லை, நேரத்தையும் நினைவகத்தையும் தின்கிறது. தொடக்கத்தில் பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் தனித்தனிக் கட்டளையாக அனுப்பினேன். ஒவ்வொரு துண்டும் தனி பேக்கட்டாகப் போனது. போனது கிடைத்ததா என்ற ஒப்புகை வரும்வரை அடுத்தது நின்றது. பெறும் பக்கமோ ஒப்புகையை உடனே அனுப்பாது, இன்னொரு பேக்கட் வந்தால் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று 200 மில்லிநொடி வரை பொறுத்துப் பார்க்கும். இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாசலிலேயே நிற்கும் கதை. துண்டுகளை ஒரே நினைவுப் பெட்டியில் சேர்த்து மொத்தமாக அனுப்பியதும் பல நொடிகள் எடுத்த பக்கம் சட்டென்று வந்தது.

அடுத்து உலாவியின் முந்திரிக்கொட்டைத்தனம். குரோம், பயனர் எதையும் கேட்கும் முன்பே, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கூடுதலாக ஓர் இணைப்பைத் திறந்து வைக்கும். அதில் எதுவும் பேசாது. பெரிய சர்வர்களுக்கு அது உறைக்காது. ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டும் பேசத் தெரிந்த என் சர்வரோ அந்த மௌன இணைப்பின் முன் ‘சொல்லுங்கள்’ என்று 5 நொடி நின்றுகொண்டிருக்கும். உண்மையான கோரிக்கை பின்னால் வரிசையில் காத்திருக்கும். யாரும் கேட்காமலே உலாவி தேடி வருகிற தளச் சின்னப் படத்துக்கும் ‘இல்லை’ என்று விடை சொல்லியாக வேண்டும்.

இணைப்பை மூடிய பிறகும் காத்திருப்பு முடியாது. பேக்கட்டுகள் தொலையாமல் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி என்ற நெறிமுறையின் விதிப்படி, முதலில் விடைபெற்றவர், வழியில் தாமதமான பேக்கட் ஏதாவது பின்னால் வந்து குழப்பக்கூடும் என்பதற்காக, அந்த இணைப்பின் நினைவைச் சிறிது நேரம் வைத்திருக்க வேண்டும். 1981-ல் வந்த வரையறை 4 நிமிடம் என்கிறது. என் சிப்பில் ஓடும் எல்டபிள்யூஐபி என்ற மென்பொருள் 2 நிமிடம் வைத்திருக்கும். ஓர் இணைப்புக்கு இருநூறு பைட் அளவில்தான் ஆகிறது. ஆனால் அப்பா எண் மாறுகிறதா என்று பார்க்கப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துப் புதுப்பித்தபோது, போய்ச் சேர்ந்தவர்களுக்கான இலைகளே பந்தி முழுவதும் விரிந்து கிடந்தன.

இந்த எல்டபிள்யூஐபியை எழுதியவர் ஆடம் டங்கெல்ஸ். ஸ்வீடன் கணினி அறிவியல் நிறுவனத்தில் 2000-களின் தொடக்கத்தில் அவர் செய்த வேலை இல்லையென்றால் என் பெட்டியும் இல்லை. எல்டபிள்யூஐபிக்கு ஒரு தம்பியும் உண்டு. அதன் பெயர் யூஐபி. சில கிலோபைட் நிரல், சில நூறு பைட் நினைவகம், 8-பிட் சிப், அதற்குள் முழுமையான டிசிபி. அதுவரை இணைய நெறிமுறைகள் இத்தனைச் சிறிய கருவிக்குப் பொருந்தா என்பதே பரவலான எண்ணம். யூஐபியில் எனக்கு மிகப் பிடித்தது அது நினைவகத்தை மிச்சப்படுத்திய விதம். வழக்கமான டிசிபி, அனுப்பிய தரவு தொலைந்தால் மறுபடி அனுப்புவதற்காக ஒப்புகை வரும்வரை ஒரு படியை வைத்துக்கொள்ளும். யூஐபி படி எதையும் வைத்துக்கொள்ளாது. தொலைந்துபோனால், ‘கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை சொல்’ என்று நிரலையே கேட்கும். பக்கம் ஃபிளாஷில் மாறாமல் கிடக்கும்போது இன்னொரு முறை எடுத்துத் தருவதில் என்ன சிரமம்? விலையும் உண்டு. ஓர் இணைப்பில் ஒரே ஒரு பேக்கட்தான் ஒப்புகைக்காகப் பயணத்தில் இருக்கலாம் என்பதால், அந்த 200 மில்லிநொடிப் பொறுமை இங்கே நேராக அடிக்கும்: 1460 பைட் வீதம் நொடிக்கு ஐந்து, அதாவது 7 கிலோபைட் சொச்சம். ஒரு நீர்மட்டத்தைச் சொல்ல அது தாராளம்.

தமிழ் இங்கே ஒரு சிறு பாடம் சொல்லித் தந்தது. எழுத்துகளைக் கணினிக்கான எண்களாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘கிணறு’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறியீடு. கம்பியில் போகும்போது 15 பைட். மடிக்கணினியில் பக்கத்தைத் தயாரித்த என் பைத்தான் நிரல் குறியீடுகளை எண்ணி, அதையே பக்கத்தின் நீளமாகத் தலைப்பில் எழுதிவிட்டது. உலாவி அந்த நீளம் வந்ததும் ‘போதும்’ என்று நிறுத்திக்கொண்டது. பக்கம் பாதியில், ஒரு எழுத்தின் நடுவில் அறுபட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நின்றது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் இந்தப் பிழை என்றுமே வெளிப்பட்டிருக்காது. தமிழின் இந்த எடையை ஜிசிப் சுருக்கம் நன்றாகவே இறக்கிவைக்கிறது: எல்லாத் தமிழ்க் குறியீடுகளிலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175 என்று அதே எண்கள் திரும்பத் திரும்ப வருவதால் சுருக்குவதற்கு நிறைய இடம் இருக்கிறது. பக்கத்தை மடிக்கணினியிலேயே சுருக்கி ஃபிளாஷில் வைத்துவிட்டால் சிப்புக்கு அந்த வேலையும் இல்லை. விரித்துப் படிப்பது கைபேசியின் பொறுப்பு. எழுத்துருவும் கைபேசியிலேயே இருக்கிறது.

‘வீடுவரை கம்பி இழுத்து இணையத்தில் திறந்துவிட்டால் நீ சென்னையிலிருந்தே பார்க்கலாமே’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு மனம் வரவில்லை. இந்த அளவு கருவியில் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பை ஓட்ட முடியும், ஆனால் அந்த நெறிமுறையில் ஒரே தவணையில் பூட்டி அனுப்பும் ஒரு துண்டு மட்டுமே 16 கிலோபைட் வரை வரலாம். என்னிடம் இருப்பது 40. அதைவிட, பெட்டிக்குள் வைத்து மறக்கப்பட்ட சர்வர்களின் வரலாறு நல்லதாக இல்லை. லட்சக்கணக்கான வீட்டு ரௌட்டர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த ரோம்பேஜர் என்ற சிறு வெப் சர்வரில் குக்கீயைக் கையாள்வதில் ஓர் ஓட்டை இருப்பதை செக் பாயிண்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் அறிவித்தது; பாதிக்கப்படக்கூடியவை 1.2 கோடி கருவிகள் என்று அது கணக்கிட்டது. ரோம்பேஜரை எழுதியவர்கள் அந்த ஓட்டையை 2005-லேயே அடைத்துவிட்டிருந்தார்கள். அடைத்த பதிப்பு ரௌட்டர்களைச் சென்றடையவில்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களைப் படையாகத் திரட்டியதும் இதே மறதியால்தான். நானும் ஓராண்டில் மறந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஆகவே கிணறு இணையத்துக்குப் போகவில்லை.

சர்வர் காத்திருக்க வேண்டும், கருவி தூங்க வேண்டும் என்ற முரண் அப்படியே இருந்தது. இதற்கும் டங்கெல்ஸ் பக்கம் ஒரு விடை உண்டு. ஐஇஇஇ 802.15.4 என்ற குறைமின் ரேடியோவில், ஒரு பேக்கட்டுக்கு 127 பைட் மட்டுமே இடம் தரும் வலைகளுக்காக, அவர் 2011-ல் விவரித்த கொன்டிக்கிமேக் என்ற முறையில் கருவிகள் தங்கள் ரேடியோவை ஏறக்குறைய 99 சதவீத நேரம் அணைத்து வைத்திருக்கும். கேட்பவர் நொடிக்குச் சில முறை சட்டென்று விழித்து, காற்றில் ஏதாவது சலனம் உண்டா என்று மோந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குவார். அழைப்பவர்தான், எதிராளி விழிக்கும்வரை அதே பேக்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். காத்திருப்பின் செலவு, வாசலில் நிற்பவரிடமிருந்து கதவைத் தட்டுபவருக்கு மாறிவிடுகிறது. மிகச் சிக்கனமான ஏற்பாடு. ஆனால் அப்பாவின் கைபேசியில் அந்த ரேடியோ இல்லை, உலாவிக்கு அந்த மொழியும் தெரியாது.

தட்டுபவர் செலவை ஏற்க வேண்டும் என்ற கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெட்டியின் முகத்தில் ஓர் அழைப்புமணிப் பொத்தானை வைத்தேன். பொத்தான் ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியாக சிப்பின் ரீசெட் இணைப்புக் காலைத் தொட்டு எழுப்புகிறது. எழுந்த சிப் இன்னொரு கால் வழியாகப் பொத்தான் இன்னும் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. ஆமென்றால் வைஃபையைக் கிளப்பி 5 நிமிடம் சர்வராக நிற்கிறது. இல்லையென்றால் அரைமணிக்கொருமுறை தானாக எழும் நேரம் என்று அறிந்து, ரேடியோவைத் திறக்காமலே ஆழத்தை அளந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. உறக்கத்திலும் அழியாத 512 பைட் நினைவகம் சிப்பில் உண்டு. ஓர் அளவுக்கு 4 பைட் என்றால் இரண்டரை நாள் அளவுகள் அதில் அடங்கும் என்பதால், ஃபிளாஷில் ஒரு நாளைக்கு ஒரு முறை எழுதினால் போதும். நேரம் தெரிந்துகொள்ளவும் தனிக் கடிகாரம் வைக்கவில்லை. சிப்பின் உள்கடிகாரம் வெயிலுக்கும் பனிக்கும் ஏற்ப விலகும். ஆனால் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் உலாவி தன் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகிறது.

ஒரு விழிப்புக்கு 7 மில்லியாம்பியர்-மணிக்குள் முடிகிறது. காலை, மாலை இரண்டு முறை, உறக்கம், அளவுகள் எல்லாம் சேர்த்து நாளைக்கு 15. செல்லின் கொள்ளளவில் பாதியை நம்பினால்கூட வெயிலே இல்லாமல் எண்பது நாள் தாண்டும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சென்னை திரும்பினேன்.

இரண்டு வாரத்தில் அப்பா அழைத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதே 5 நிமிடம் முடிந்து போய்விட்டதாம். “பாதியிலே மூஞ்சியிலடிச்ச மாதிரி நின்னு போச்சுப்பா” என்றார். அடுத்த முறை போனபோது, யாராவது பக்கத்தைக் கேட்டால் அந்தக் கணத்திலிருந்து மறுபடி 5 நிமிடம் எண்ணும்படி மாற்றினேன். எண் தானாக மாறினால் அவருக்குப் பிடிக்கும் என்று, பக்கம் 10 நொடிக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்படியும் செய்தேன். இரண்டும் தனித்தனியே நியாயமானவை. ஒரு மாலை அப்பா பக்கத்தைத் திறந்த நிலையில் கைபேசியைக் கொட்டகையிலேயே சார்ஜில் வைத்து மறந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். கைபேசி 10 நொடிக்கு ஒரு முறை கேட்டது, சர்வர் ஒவ்வொரு முறையும் இன்னும் 5 நிமிடம் நிற்பதாகச் சொன்னது. மறுநாள் காலையில் அவர் போனபோதும் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் மூடாப்பு. செல் காலியாகிவிட்டது, அப்பா கயிறும் கல்லுமாகக் கிணற்றுப் படி இறங்கினார்.

தானாகப் புதுப்பிப்பதை எடுத்துவிட்டேன். எத்தனைப் பேர் எத்தனை முறை கேட்டாலும் 15 நிமிடத்தில் சர்வர் படுத்துக்கொள்ளும். பக்கத்தின் அடியில் ‘மறுபடி பார்க்கப் பொத்தானை அழுத்தவும்’ என்று ஒரு வரி சேர்த்தேன். கண்ணாடி போடாமல் படிக்கும் அளவுக்கு அதைப் பெரிதாக்கச் சொல்லி அப்பா கேட்டார். பெரிதாக்கியதில் பக்கம் 11 பைட் கூடியது.